ஒரு நாள் வெயிலும் ஒரு நாள் பனியும்



2023 சனவரி 1ஆம் நாள் போலந்தின் தலைநகர் வார்சாவில் வெப்பநிலை 18.9 பாகை செல்சியசை எட்டியது. சனவரியில் சுழியத்தை ஒட்டிக் குளிர்ந்து கிடக்கும் நகரம் அது. அதே நாளில் ஸ்பெயினின் பில்பாவோவில் 25.1 பாகை. ஆல்ப்ஸ் மலைச்சரிவுகள் பலவற்றில் பனிக்குப் பதில் புல்லே தெரிந்தது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஆறாம் ஆண்டு வகுப்பில் இச்செய்தியைக் கூறி, "புவி வெப்பமடைகிறது என்பதற்கு இதுவே சான்று" என்றேன். ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகரம் பனியில் புதைந்ததே, அது எதற்குச் சான்று?"

அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மனம் ஒப்பவில்லை.

2015 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் ஒரு பனிப்பந்தை அவைக்குள் கொண்டுவந்து, வெளியே நிலவிய குளிரைச் சுட்டி வெப்பமயமாதலை எள்ளினார். அதைக் கண்டு நகைத்தவன் நான். அவர் பனிப்பந்தைக் காட்டினார்; நான் வார்சாவைக் காட்டினேன். முடிவு வேறாயினும் தவறு ஒன்றே.

ஒரு தேர்வின் புள்ளியைக் கொண்டு மாணவனை எடைபோடுவோமா? வானிலை என்பது ஒரு நாளின் கதை. காலநிலையோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் சராசரி. சான்றை அங்கேதான் தேட வேண்டும்.

ஹவாயின் மௌனா லோவாவில் 1958இல் அளவிடத் தொடங்கியபோது காற்றில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்த கரிவளி, இன்று 420ஐக் கடந்துவிட்டது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 2024ஆம் ஆண்டு ஏறக்குறைய 1.5 பாகை வெப்பமாக இருந்ததாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. சூரியனே காரணம் என்று வாதிடுவோர் உளர். அவ்வாறாயின் வளிமண்டலத்தின் மேலடுக்குகளும் சூடேறியிருக்க வேண்டும். அவையோ குளிர்ந்துள்ளன. கரிவளி பெருகினால் நிகழக்கூடியது இதுவே. இந்நிலையில் வார்சாவின் வெயில் தனிச் சான்றன்று. இத்தகைய நாள்கள் பெருகிவருவதே சான்று.

மறுவாரம் அம்மாணவியிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். பிறகு பல ஆண்டு வெப்பநிலையை வகுப்பினரே வரைபடமாக வரைந்தனர். கோடு ஏறியும் இறங்கியும், முடிவில் ஏறியே நின்றது. நான் விளக்கத் தேவையிருக்கவில்லை.

சரியான முடிவைத் தவறான காரணத்தால் கற்பித்தால், அடுத்த பனிப்பொழிவிலேயே பிள்ளைகள் அதனைக் கைவிடுவர். ஆகவே, வீட்டிலும் வகுப்பிலும் எதிர்க்கேள்வி கேட்கும் பிள்ளையை, "உட்கார்" என அடக்காதீர்கள். என்னைத் திருத்தியவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி.