'இதர வரிகள்' என்ற வரிசையில் யார் இருக்கிறார்?

அரசாங்கத்தாரின் பெரிய வரிகளைப் பற்றிச் சாயாக்கடை வரை பேச்சு நடக்கிறது. ஜி.எஸ்.டி. நம் நாட்டில் 2015 ஏப்ரலில் நூற்றுக்கு 6 என வந்தது, 2018ல் போயிற்று, விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. ஜொகூர் பாலத்துக்கு அப்பால், 1994ல் நூற்றுக்கு 3 என்று நுழைந்த அதே வரி 2024ல் 9 ஆயிற்று. இதெல்லாம் யாவரும் அறிந்தது.

ஆனால் சிங்கப்பூர் அரசின் வரவுக் கணக்கில் 'இதர வரிகள்' என்றொரு தலைப்பு உண்டு. செக்ரோலில் 'இதரப் பிடித்தம்' என்று கண்டால் அது என்னவென்று கேட்க வேண்டும் என்பதை நம் கிராணிமார் அறிவார்கள். இங்கும் கேட்போம். தண்ணீர்ச் சேமிப்பு வரி, கப்பல் டன் வரி இவற்றோடு அங்கே அமர்ந்திருப்பது வெளிநாட்டுத் தொழிலாளருக்கான லெவி. வெளிப்படையாகச் சொன்னால் தலைவரி.

தலைவரி நமக்குப் புதிதன்று. 1907ல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள் வேலை நாள் கணக்குப்படி பணம் கட்டினார்கள். கருணையால் அல்ல. ஆள் பிடிக்கக் காசு போடாமல் அடுத்த தோட்டத்து ஆளை இழுக்கும் துரையும் பங்கு கொடுக்கட்டும் என்பதே நோக்கம். ஆயினும் அந்தப் பணம் கப்பல் செலவுக்கும், நோயாளிகளையும் முதியோரையும் ஊருக்கு அனுப்புவதற்கும் பயன்பட்டது. பின்னர் 1958ல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி ஆயிற்று, 1999ல் கலைக்கப்பட்டது.

இன்றைய லெவி எந்த நிதிக்கும் போவதில்லை. இரு நாட்டிலும் பொது வருமானத்தில் கலந்துவிடுகிறது. தொகையில்தான் எவ்வளவு வேறுபாடு! 2016ல் தீபகற்பத்தில் தோட்டத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 640 வெள்ளி, தொழிற்சாலைத் தொழிலாளிக்கு 1,850 வெள்ளி என்று நிர்ணயித்தார்கள். சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் வேலை பெர்மிட் ஒன்றுக்கு மாதம் 250 முதல் 650 சிங்கப்பூர் வெள்ளி வரை போகிறது. தோட்டத்தை விட்டுப் பாலம் தாண்டி, பெர்மிட்டில் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் பேரிலும் அது விழுகிறது. அதைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாதென்று அங்கே சட்டம் உண்டு. நல்லதுதான், ஆனால் சம்பளம் பேசும்போது முதலாளி லெவியையும் கூட்டிப் பார்க்காமல் இருப்பானா?

நம் நாட்டுக் கதை இன்னும் கசப்பானது. 2013ல் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி வந்த கையோடு, லெவியைத் தொழிலாளியிடமே பிடிக்க அனுமதி கொடுத்தார்கள். அன்றைய தோட்ட லெவி 590 வெள்ளி. மாதத்துக்கு ஏறக்குறைய 49 வெள்ளி. பக்கத்து நிரையில் மரம் வெட்டிய இந்தோனேசியத் தோழனும் வங்காளத் தோழனும் முதலாளியின் வரியைச் சுமந்தார்கள். மலிவான கை பக்கத்தில் இருக்கும்போது நம் கூலிப் பேச்சு எப்படி வலுக்கும்? 2018ல்தான் லெவி முதலாளியின் பொறுப்பு என்று திருத்தினார்கள்.

2025 பட்ஜெட் உரையில், ஆட்களை அதிகம் நம்பும் முதலாளிக்கு அதிக லெவி என்றும், வரும் பணம் இயந்திரமயமாக்கத்துக்கு என்றும் அறிவித்தார்கள். இயந்திரம் வரட்டும். ஆனால் தலைக்கு வாங்கிய வரியில் அந்தத் தலைக்குரியவனுக்கு ஒரு பங்கும் இல்லையா? 1990ன் குடியிருப்புச் சட்டப்படி லயங்கள் ஒழுங்காவதற்கும், உள்ளூர் இளைஞரின் தொழிற்பயிற்சிக்கும் அதில் பங்கு ஒதுக்க வேண்டும். லெவி வரவைத் தொழில்வாரியாகத் தனி வரிசையில் ஆண்டுதோறும் அச்சிட வேண்டும்.

இதற்கிடையில் கிராணிமாருக்கு ஒரு வேண்டுகோள். எந்த நாட்டுத் தொழிலாளியின் சம்பளச் சீட்டிலாவது லெவி என்றோ 'இதரம்' என்றோ பிடித்தம் கண்டால், மாதத்தையும் தொகையையும் குறித்துக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.