திரையில் தங்கிய நிழல்

மூடிவிட்ட சாளரம் ஒன்றின் விளிம்பு, வேறொரு பக்கத்தைத் திறந்த பின்னும் மங்கலாகத் திரையில் நின்றுகொண்டிருப்பதைப் பழைய மேசைக் கணினி வைத்திருப்போர் பலரும் கண்டிருப்பார்கள். கண்டவுடன் எழும் முதல் எண்ணம், 'இது அவ்வளவுதான், மாற்றிவிட வேண்டியதுதான்' என்பது. பழுது பார்ப்பவர்களிலும் அதே தீர்ப்பை ஒரு நிமிடத்தில் வழங்கிவிடுவோர் உண்டு. இந்தத் தீர்ப்பு அவசரமானது என்பது எங்கள் கருத்து. எல்சிடி திரையில் தங்கும் இத்தகைய நிழல் பெரும்பாலும் தீரக்கூடியது. தீராமல் போனாலும் கணினியைத் தூக்கி எறிய அது ஒரு காரணமாகாது.

இலக்கிய வாசகர்களிடம் இதைப் பேசுவானேன் என்று கேட்கலாம். சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்கள் பல, ஒருங்குறி பரவலாவதற்கு முன்பிருந்த எழுத்துருக்களில், பேஜ்மேக்கர் போன்ற மென்பொருள்களில் கோக்கப்பட்டவை. பேஜ்மேக்கரின் வளர்ச்சி ஏழாம் பதிப்போடு நின்றுபோனது. அதை இயக்கிய விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் அளித்த ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. அந்தக் கோப்புகளை அவற்றுக்குரிய எழுத்துருவோடு பிழையின்றித் திறக்கும் கடைசி இயந்திரம், யாரோ ஒருவர் வீட்டு மூலையில் இருக்கும் பழைய கணினியாகவே இருக்கக்கூடும். திரையில் நிழல் விழுகிறது என்று அதைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினால், வன்தட்டில் உள்ள இதழ்களும் கூடவே போய்விடும். இழப்பு ஒரு பொருளோடு நின்றுவிடுவதில்லை.

நம் அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. குழாய்த் திரைகளின் காலத்தில், கண்ணாடியின் உட்புறம் பூசப்பட்ட பாஸ்பர் என்னும் ஒளிர்பூச்சு எலக்ட்ரான் கற்றை பட்டு ஒளிர்ந்தது. ஒரே இடம் தொடர்ந்து ஒளிர்ந்தால் அவ்விடத்துப் பூச்சு தேய்ந்துவிடும், தேய்ந்தது திரும்பாது. இதைத் தடுக்கவே 1983இல் ஜான் சோச்சா என்பவர், மூன்று நிமிடம் விசைப்பலகை தொடப்படாவிட்டால் திரையை இருட்டாக்கும் ஒரு சிறு நிரலை 'சாஃப்ட்டாக்' இதழில் வெளியிட்டார். 1989இல் வந்த 'ஆஃப்டர் டார்க்' மென்பொருளின் சிறகு முளைத்த ரொட்டி வாட்டிகள் திரைக்காப்பை ஒரு கேளிக்கையாகவே மாற்றின. குழாய்த் திரை போய்விட்டது. அது விட்டுச்சென்ற அச்சமும் பழக்கமும் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டன.

தட்டைத் திரையின் இயல்பு வேறு. 1888இல் பிராக் நகரில் ஃப்ரீட்ரிஷ் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், ஒரு கொழுப்புச் சேர்மம் இரண்டு வெப்பநிலைகளில் உருகுவதைக் கண்டு வியந்தார். முதலில் கலங்கிய திரவமாகவும் பிறகு தெளிந்த திரவமாகவும் அது மாறியது. அந்தக் கலங்கிய நிலையே பின்னாளில் திரவப் படிகம் எனப் பெயர் பெற்றது. எல்சிடி திரையில் இத்தகைய மூலக்கூறுகள் மின்புலத்துக்கு ஏற்பத் திரும்பி, பின்னாலிருந்து வரும் ஒளியை விடவோ மறிக்கவோ செய்கின்றன. மின்னழுத்தம் எப்போதும் ஒரே திசையில் இருந்தால் படிகத்தில் கலந்திருக்கும் மின்னேற்றத் துகள்கள் ஒரு பக்கமாய் ஒதுங்கிவிடும் என்பதால், அதன் திசையை இடைவிடாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் இந்தச் சமன் முற்றிலும் துல்லியமாக அமைவதில்லை. ஒரே படம் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும்போது சிறிதளவு துகள்கள் ஒதுங்கித் தங்குகின்றன. படம் மாறிய பின்னும் அவை தம் பங்குக்கு மூலக்கூறுகளை இழுத்துப் பிடிக்கின்றன. நாம் காணும் நிழல் இதுதான். துகள்கள் கலைந்தால் நிழலும் கலையும். ஆகவே பொறுமையே இதற்கு முதல் மருந்து.

மருந்துக்கு முன் நோயறிதல் வேண்டும். திரையை அப்படியே படமாகப் பிடித்து, அந்தப் படத்தை வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ பாருங்கள். அதிலும் நிழல் தெரிந்தால் கோளாறு மென்பொருளிலோ வரைகலை அட்டையிலோ இருக்கிறது; திரையின்மேல் பழி இல்லை. எழுத்துகளின் ஓரத்தில் நிழல் விழுந்து, சாளரத்தை நகர்த்தும்போது அதுவும் கூடவே நகர்ந்தால் பழைய விஜிஏ கம்பியையும் அதன் இணைப்பையும் சோதிக்க வேண்டும். எதை நகர்த்தினாலும் நிழல் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றால்தான் அது திரையில் தேங்கிய பிம்பம். திரை முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறத்தைப் பரப்பினால் அது தெளிவாகத் தெரியும். தூய வெள்ளையிலும் கறுப்பிலும் ஒளிந்துகொள்ளும்.

அடுத்துச் செய்ய வேண்டியது மிக எளிது. திரையைச் சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு முழுவதும் அணைத்து வையுங்கள். கறுப்புப் படம் ஒன்றைப் போட்டு வைப்பது அணைப்பதாகாது. பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், திரையும் சூடாகிக்கொண்டேதான் இருக்கும். காலையில் நிழல் மிச்சமிருந்தால், முழு வெள்ளைப் பரப்பையோ இடைவிடாது அசையும் படத்தையோ சில மணி நேரம் ஓடவிட்டு மீண்டும் ஓய்வு கொடுங்கள். அதன்பின் பழக்கத்தை மாற்றுவது அவசியம். வெளிச்சத்தைக் குறைத்து, பணிப்பட்டையைத் தானே மறையும்படி அமைத்து, ஐந்து பத்து நிமிடம் தொடாவிட்டால் திரை அணையும்படி செய்துவிட்டால் போதும். அசையும் திரைக்காப்பு பயனற்றதன்று, ஆனால் அணைப்பதற்கு அது ஈடாகாது. ஒரே புகைப்படத்தை அசையாமல் காட்டி நிற்கும் திரைக்காப்போ நோயையே மருந்தாகக் கொடுப்பதற்குச் சமம்.

இவ்வளவும் எல்சிடி திரைக்கே பொருந்தும். ஓஎல்இடி திரையில் ஒளிரும் கரிமப் பொருளே மூப்படைவதால் அங்கே நிழல் நிலைத்துவிடும் அபாயம் அதிகம். பழைய மேசைக் கணினிகளில் அவ்வகைத் திரை அரிது என்பது நமக்கு ஆறுதல்.

உற்பத்தியாளர்களின் போக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐபிஎஸ் வகைத் திரைகளில் பிம்பம் தேங்குவது இயல்பே என்று ஆப்பிள் நிறுவனம் தன் பயனர் உதவிக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. அது உண்மைதான். ஆனால் இயல்பு என்று ஒப்புக்கொண்ட ஒன்றுக்கு ஏற்ப இயந்திரம் வடிவமைக்கப்பட வேண்டாமா? 2009இல் வந்த 27 அங்குல ஐமேக்கில் முன்கண்ணாடி காந்தத்தால் பொருத்தப்பட்டிருந்தது. அதைக் கழற்றித் திரையை அணுக முடிந்தது. 2012இல் மெலிந்த உடலோடு வந்த மாதிரியில் கண்ணாடியும் திரையும் ஒன்றாக இணைக்கப்பட்டு, உடலோடு பசையால் ஒட்டப்பட்டன. சில மில்லிமீட்டர் மெலிவுக்காக ஒரு எளிய பழுதுபார்ப்பு கடினமாக்கப்பட்டது. தனிப் பெட்டியும் தனித் திரையுமாக இருக்கும் பழைய கணினியில் திரையை மட்டும் மாற்ற ஒரு கம்பியைக் கழற்றி மாட்டினால் போதும். அழகற்றது என்று நாம் ஒதுக்கிய அந்த வடிவத்தில்தான் பயனரிடம் மரியாதை இருந்தது.

நிறத்தைத் துல்லியமாகக் கணிக்க வேண்டிய புகைப்படக்காரருக்கும் ஓவிய வடிவமைப்பாளருக்கும் இந்த நிழல் தாங்க முடியாததே. அவர்கள் திரையை மாற்றுவது நியாயம். எழுதவும் படிக்கவும் மெய்ப்பு திருத்தவும் கணினியைப் பயன்படுத்தும் நமக்கு அந்த நியாயம் பொருந்தாது. ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது கால் பங்குக்கும் குறைவு. அந்தக் குவியலில் இன்னொரு பெட்டியைச் சேர்க்குமுன் ஓர் இரவு காத்திருப்பது பெரிய தியாகம் அல்ல.

ஆகவே நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் வன்தட்டில் உள்ள கோப்புகளையும், அவற்றைத் திறக்கத் தேவையான எழுத்துருக்களையும் சேர்த்தே படியெடுங்கள். பழைய இயங்குதளம் என்றால் இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டு உறங்கச் செல்லுங்கள். மாற்றுவதா வேண்டாமா என்பதை மறுநாள் காலையில் முடிவு செய்யலாம்.