அரத்தை வைத்துவிட்டு மைக்கை எடுங்கள்!

"அண்ணா, எக்ஸாஸ்ட் போர்ட்டை அரத்துல கொஞ்சம் ராவி விட்டா ஸ்பீடு ஏறுங்களா?"

மாடல் விமானம் பறக்க விடும் கோவைத் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 1937-லேயே ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து எலெக்ட்ரிக் மோட்டார் செய்த ஊர் இது. கணபதி, பீளமேடு பக்கம் எங்கே திரும்பினாலும் ஒரு லேத் பட்டறை. கை சும்மா இருக்குமா? இருந்தாலும் என் கருத்து இதுதான்: அரத்தைத் தொடும் முன் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள்.

காரணம் சொல்கிறேன். பவர் போதவில்லை என்று என்னிடம் வந்த குட்டி இன்ஜின்களில் பெரும்பாலும் கோளாறு சிலிண்டரில் இல்லை, எரிபொருள் டேங்கில்தான். டேங்கின் நடுக்கோடு நீடில் வால்வின் மட்டத்தில் இருக்க வேண்டும். சுற்றிலும் ஸ்பாஞ்ச் வைக்காவிட்டால் அதிர்வில் எரிபொருள் நுரைத்து, குமிழ் உள்ளே போய் இன்ஜின் இருமும். இவை எல்லாம் சில்லறைச் செலவு. பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றிவிடலாம். ராவிய போர்ட்டுக்கு 'அன்டூ' கிடையாது!

மாற்றம் செய்தபின் பலன் கிடைத்ததா என்று காதால் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஓடும் சத்தத்தைப் பத்து வினாடி ரெக்கார்ட் செய்து, வேவ் ஃபைலாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். ஆடசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் திறந்து, சத்தம் முழுவதையும் செலக்ட் செய்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் கிளிக் செய்யுங்கள். சைஸ் என்ற இடத்தில் 16384 தேர்ந்தெடுங்கள். குறைவாக வைத்தால் சின்ன வித்தியாசங்கள் தெரியாது. 2 ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கிறது. ஆகவே ஹெர்ட்ஸை 60-ஆல் பெருக்கினால் ஆர்.பி.எம். வந்துவிடும். 180 ஹெர்ட்ஸில் சிகரம் தெரிந்தால் 10,800. இரண்டு இறக்கை ப்ரொப்பெல்லர் 360-லும் ஒரு சிகரம் காட்டும். அதைப் பார்த்துவிட்டு "அண்ணா, 21,600 வருதுங்க!" என்று எனக்கு போன் செய்யாதீர்கள்.

நீடிலை மெல்ல மூடிக்கொண்டே போனால் வேகம் ஏறி, ஓர் இடத்தில் உச்சம் தொடும். அங்கேயே விடாமல், சுமார் 300 ஆர்.பி.எம். குறையும் வரை திரும்பத் திறந்து வையுங்கள். இந்த இன்ஜினுக்கு ஆயில் எரிபொருளோடு கலந்துதான் வருகிறது. எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறையும்; பிஸ்டன் போய்விடும்.

"மெத்தனால் கிடைக்கலீங்க, பெட்ரோல் ஊத்தட்டுங்களா?" என்றும் கேட்கிறார்கள். கூடாது. க்ளோ இன்ஜினில் ஸ்பார்க் கிடையாது. ஸ்டார்ட் செய்ய மட்டும் 1.5 வோல்ட் பேட்டரி. அதன்பின் மெத்தனால் ஆவி படப்பட, பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள் தானாகவே கனன்றுகொண்டிருக்கும். பெட்ரோலில் அது நடக்காது. சிலிக்கான் ட்யூபும் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும்.

அதற்காக மெத்தனாலைத் தேடி வாங்கி வீட்டில் கலக்கும் வேலையும் வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சாராயத்தில் கலந்திருந்தது இதே மெத்தனால்தான். தமிழ்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் இதை வைத்திருக்கக் கூடாது. பகலில் இதன் தீ கண்ணுக்கே தெரியாது. பள்ளி மாணவர்களுக்கு பேட்டரி மோட்டாரே போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ரெக்கார்ட் செய்யும்போது மைக்கை ப்ரொப்பெல்லருக்குப் பின்பக்கம் இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். அது சுழலும் வட்டத்துக்கு நேராகப் பக்கவாட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள்.