சாயும் சுவரும் உதைசுவரும்

மேலிருந்து இறங்கும் பாரத்தைச் சுமக்கச் செங்கல் சுவரோ கல் சுவரோ தயங்குவதில்லை. பக்கவாட்டில் தள்ளினால்தான் சிக்கல். கூரையோ வளைவோ வெளிப்பக்கம் தள்ளும்போது சுவர் தன் வெளி விளிம்பை அச்சாகக் கொண்டு கவிழப் பார்க்கிறது. அந்த அச்சை இன்னும் வெளியே தள்ளி வைப்பதுதான், சுவரோடு பிணைத்து வெளியே நீட்டிக் கட்டும் உதைசுவரின் வேலை.

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் மண்டபங்களுக்கு உதைசுவர் தேவைப்படவில்லை. பாவுகல், உத்திரம், தூண் என்று பாரம் நேராகக் கீழே இறங்கிவிடுகிறது. வளைவு வந்தால் கணக்கே வேறு. அங்கே தாமிரபரணியின் மேல் 1843-இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தின் 11 வளைவுகளில் அடுத்தடுத்தவை ஒன்றையொன்று தள்ளித் தணிக்கின்றன. மிச்சத்தைக் கரையோர முட்டுச்சுவர்கள் ஏற்கின்றன. தனிக் கட்டடத்துக்கு அந்தத் துணை கிடையாது. ஐரோப்பாவின் கோத்திக் ஆலயங்களில் உதைசுவர் வளர்ந்ததற்குக் காரணம் அதுவே. அந்தப் பாணியில் பிஷப் கால்டுவெல் எழுப்பிய இடையன்குடி ஆலயம் 1880-இல் பிரதிஷ்டையானது. சன்னல் வளைவுகளைக் களிமண்ணில் செய்து கொத்தனார்களுக்குக் காட்டினார் என்பார்கள்.

சுவரையே தடிமனாக்கினால் போதாதா? 45 செ.மீ. சுவரை 90 செ.மீ. ஆக்கினால் செங்கல் இரட்டிக்கும். கவிழ்வை எதிர்க்கும் திறன் 4 மடங்காகும். அதே சுவரில் 3 மீட்டருக்கு ஒன்றாக, 45 செ.மீ. அகலத்தில், 90 செ.மீ. வெளியே நீளும் உதைசுவரை முழு உயரத்துக்கும் கட்டினால், கூடுதல் செங்கல் 30 விழுக்காடுதான்; திறனோ ஏறத்தாழ 5.6 மடங்கு. சுவரும் உதைசுவரும் ஒரே உடலாக நின்றால்தான் இந்தக் கணக்கு செல்லும். இடைவெளிக்கும் எல்லை உண்டு: உதைசுவரின் அகலத்தைப்போல் 20 மடங்கைத் தொட்டுவிட்டால், கட்டுமானச் சுவர்களுக்கான இந்தியத் தர விதித்தொகுப்பு ஐஎஸ் 1905 அதனால் எந்தப் பலனையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பழைய சுவர் சாய்ந்த பிறகு முட்டுக் கொடுக்கும் வேலையில்தான் தவறுகள் மலிந்து கிடக்கின்றன. பல் விடாமல், அதாவது பழைய சுவரோடு கோத்துப் பிணைக்காமல், பழைய பூச்சின்மேலேயே ஒட்டிக் கட்டும் உதைசுவர் வெறும் அலங்காரம். சுண்ணாம்புச் சாந்துச் சுவரோடு சிமெண்ட் கலவையில் கட்டினால் இரண்டும் ஒன்றுபோல் அசையாது. இணைப்பு வாய் பிளக்கும். வானம் ஆழமாகத் தோண்டாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கரிசலில் புதுக் கட்டு தனியே இறங்கும்; நன்றாகப் பல் விட்டிருந்தால் சுவரையும் தன்னோடு வெளியே இழுக்கும். சரியாக இணைத்ததே அப்போது வினையாகிவிடும். புதுக் கட்டுக்கும் பழைய சுவருக்கும் இடைப்பட்ட மூலையில் மழைநீர் தேங்கவும் விடக்கூடாது.

ஆகவே கடப்பாரையை எடுக்குமுன் தூக்குக்குண்டு விட்டுச் சாய்வை அளக்க வேண்டும். விரிசலின் குறுக்கே சாந்தில் கண்ணாடித் துண்டைப் பதித்து, ஒரு மழைக்காலம் கழியும்வரை பார்க்க வேண்டும். கண்ணாடி உடையாவிட்டால் அசைவு நின்றிருக்கலாம். உடைந்தால் முதலில் மேலே ஏறிக் கூரையைப் பார்ப்பதே முறை: சாய்கூரையின் குறுக்குவிட்டம் உளுத்துப் போயிருந்தால், அதை மாற்றினாலே தள்ளுவிசை அடங்கும், உதைசுவரே வேண்டியிருக்காது.