சவுக்கந் தோப்பின் கடன்

சோழமண்டலக் கடற்கரையின் வெண்மணலில் ஓங்கி நிற்கும் சவுக்கந் தோப்புகளைக் காணுந்தோறும், எருவற்ற இம்மணலில் இத்துணை மரம் எங்ஙனம் எழுந்தது என வியவாதார் இலர். ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் தீவுகளிலும் இயல்பாய் வளரும் இம்மரம், 19ஆம் நூற்றாண்டில் புகைவண்டிகளின் விறகிற்கென நம் கரையோரத்தில் பெருவாரியாக நடப்பெற்றது. இந்நாளில் கட்டடச் சாரத்திற்கும் காகித ஆலைக்கும் செல்கின்றது.

அவ்வியப்பிற்கு விடை மண்ணினுள் உளது. சவுக்கின் வேர்களிலுள்ள முடிச்சுகளில் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் குடியிருந்து, காற்றில் 100க்கு 78 பங்காயுள்ள நைட்ரஜனைப் பற்றி மரத்திற்கு உணவாக்குகின்றது. மரமோ தான் சமைத்த சர்க்கரையை அதற்கு ஈகின்றது. இனிச் சில பூஞ்சைகள், நுண்ணிழைகளை நீட்டி, வேர் எட்டாத இடத்துப் பாஸ்பரஸைக் கொணர்கின்றன. வேரும் பூஞ்சையும் கூடிய அக்கூட்டிற்கு 1885இல் மைக்கோரைசா எனப் பெயரிட்டவர் பிராங்க் என்னும் ஜெர்மானிய அறிஞர். பிராங்கியா என்னும் பெயரும் அவர் நினைவாக அமைந்ததே.

இவற்றைக் கேட்டார் சிலர், "சவுக்கு தானே மண்ணை வளப்படுத்தும், ஆதலின் தோப்பினின்று எதனையும் எடுக்கலாம்" என்பர். யாம் அதற்கு உடன்படேம். காற்று நைட்ரஜனைத் தரும். பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் சுண்ணத்தையும் தாராது. பூஞ்சையும் மண்ணில் உள்ளதைத் தேடிக் கொணருமேயன்றி இல்லதைப் படைக்க வல்லதன்று. மேலும், அடிமரத்தில் இச்சத்துக்கள் எடைக்கு எடை குறைவு; தழையிலும் பட்டையிலும் சிறு கிளையிலுமே அவை மிகுதி. நாமோ அடிமரத்தை விற்று, மிலாறைக் கட்டி, சருகை வாரி, இறுதியில் வேரையும் தோண்டி விறகாக்குகின்றோம். முதலையும் வட்டியையும் ஒருங்கே உண்டபின் அடுத்த நடவிற்கு எஞ்சுவது யாது?

இஃது அச்சுறுத்தும் பேச்சன்று. தென் ஆஸ்திரேலிய மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியில், பைன் மரங்களை வெட்டி மீண்டும் நட்ட இடங்களில் இரண்டாம் தோப்பு முதல் தோப்பினும் குன்றி வளர்ந்ததென 1966இல் அறிக்கை வெளிவந்தது. பின்னர், வெட்டிய கிளைதழைகளை எரியாது மண்மேல் விடுத்து, களை நீக்கி, உரமிட்டபோது வளர்ச்சி மீண்டது.

ஆயினும், சருகை வாராதே என்று எழுதுதல் எளிது. கடந்த விடுமுறையில், தோப்பினின்று சருகுச் சுமையோடு வந்த மூதாட்டி ஒருவரை வழியிற் கண்டேம். "பாட்டி, இதனால் மண் மெலியுமே" என்றதற்கு, "மண்ணு மெலியும் தம்பி, அடுப்பு எரியாட்டி நான் மெலிவேனே" என்றார். எம்மிடம் மறுமொழி இல்லை. அவ்வடுப்பை அவித்து மண்ணைக் காத்தல் அறமாகாது.

ஆதலின் எம் கருத்து இது. கடனை முதலில் இறுக்க வேண்டியவர் மரத்தை விற்றுப் பொருள் பெறுபவரே. அவர் வேரை மண்ணிலும், தழையையும் உரித்த பட்டையையும் தோப்பிலும் விடுக. மூதாட்டியின் சருகோ முற்றும் இழப்பன்று. எரியுங்கால் நைட்ரஜன் காற்றொடு போம். அதனை வேர்முடிச்சு மீண்டும் ஈட்டும். காற்றுத் தாராத பாஸ்பரஸும் பொட்டாசியமும் சுண்ணமும் பெரும்பாலும் சாம்பலிலேயே தங்கும். அச்சாம்பல் குப்பைமேட்டிற்குச் செல்லாது தோப்பிற்கே திரும்புமாயின், அடுப்பும் எரியும், மண்ணும் மெலியாது. அடுத்த விடுமுறையில் அப்பாட்டியிடம் இதனைச் சொல்வேம். சாம்பற்கூடையை எடுத்துச் செல்ல எம் தோளையும் தருவேம்.