நேச்சரில் வந்தால் போதுமா?

2025 மாட்டுப் பொங்கலன்று மேற்கு மாம்பலத்தில் நடந்த கோசாலை விழாவில் சென்னை ஐஐடி இயக்குநர் வி.காமகோடி பேசினார். கோமியத்துக்கு பாக்டீரியாவையும் பூஞ்சையையும் எதிர்க்கும் ஆற்றல் உண்டு, குடல் கோளாறுக்கும் நல்லது என்றார். கடும் காய்ச்சலில் இருந்த சந்நியாசி ஒருவர் அதைக் குடித்துச் சில நிமிடங்களில் தேறிய கதையையும் சொன்னார். காணொளி பரவியதும் மருத்துவர்களும் அறிவியல் அமைப்பினரும் அரசியல் கட்சியினரும் கண்டித்தார்கள். ஆதாரம் எங்கே என்று கேட்டபோது, ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளை அவர் எடுத்துக்காட்டினார். ஒன்று 'நேச்சர்' வெளியீடு என்ற செய்தியும் வந்தது.

அந்தச் சர்ச்சையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. அறிவியல் செயல்திட்டம் செய்யும் மாணவர்களுக்கு எந்த இணையதளத்தை நம்பலாம் என்று நம் பள்ளிகள் வழக்கமாகச் சொல்லும் பாடம், இந்த ஒரு நிகழ்விலேயே தோற்றுப்போகிறது. வணிகத் தளமா, தள்ளிவை. அரசுத் தளமா, பல்கலைக்கழகத் தளமா, எடுத்துக்கொள். எழுதியவர் பெயரும் தேதியும் இருக்கிறதா பார். இவ்வளவுதான் அந்தப் பாடம். இதை வைத்துச் சோதித்தால், சொன்னவர் நாட்டின் முதல்தரத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் தலைவர். கட்டுரை இருப்பது நேச்சர் தளத்தில். பெயர், தேதி எல்லாம் உண்டு. தியாகராய நகரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளை "கோமியம் காய்ச்சலைத் தீர்க்கும்" என்று எழுதி, கீழே இணைப்பையும் கொடுத்தால், ஆசிரியர் முழு மதிப்பெண் போட்டே ஆக வேண்டும்.

கட்டுரையைத் திறந்து பார்த்தால் கதை வேறு. அது வெளிவந்தது 'நேச்சர்' இதழில் அன்று. அதே பதிப்பகம் நடத்தும் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில், 2021இல். முகவரி ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. செய்தவர்கள் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். பசுவின் சிறுநீரிலுள்ள பெப்டைடுகள் எவை என்று அடையாளம் கண்டு, அவற்றுக்கு என்னென்ன ஆற்றல் இருக்கக்கூடும் என்று கணினி வழியாகக் கணித்திருக்கிறார்கள். கணிப்பு என்ற விவரம் தலைப்பிலேயே இருக்கிறது. காய்ச்சல்காரர் எவருக்கும் கொடுத்துப் பார்த்த ஆய்வு அல்ல அது. ஆய்வாளர்கள் தங்கள் எல்லைக்குள் நின்றுதான் எழுதினார்கள். எல்லையைத் தாண்டியது மேடைப் பேச்சு. இதைக் கண்டுபிடிக்க முனைவர் பட்டம் வேண்டாம், தலைப்பையும் சுருக்கத்தையும் நிதானமாகப் படித்தாலே போதும். கட்டுரையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கக்கூடியதுதான்.

எதிர்த்தரப்பும் அவசரத்துக்கு விதிவிலக்கல்ல. கோமியத்தில் தீங்கான பாக்டீரியாக்கள் 14 வகை இருப்பதாக, பரேலியிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தினரின் ஆய்வு ஒன்று 2023இல் செய்தியானது. அது வெளியானது ரிசர்ச்கேட் தளத்தில். ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையைத் தாங்களே ஏற்றிவைக்கும் இடம் அது. முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் நமக்குப் பிடித்த முடிவு என்பதற்காக அதன் மூலத்தைத் தேடாமல் விட்டால், மேற்கு மாம்பலத்து மேடையில் கைதட்டியவர்களைக் குறைசொல்ல நமக்கு என்ன தகுதி?

அரசுத் தளம் என்றால் நம்பலாம் என்ற விதியின் கதியையும் பார்த்துவிடுவோம். கொரோனா தொற்றைத் தடுக்க ஆர்சனிகம் ஆல்பம் 30 என்ற ஹோமியோபதி மருந்தை மூன்று நாள் வெறும் வயிற்றில் எடுக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் அறிவுரை வெளியிட்டது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் பிரிவு அதை வெளியிட்ட நாள் 2020 ஜனவரி 29. இந்தியாவில் முதல் நோயாளி கண்டறியப்பட்டதோ மறுநாள், கேரளத்தில். வைரஸ் அடையாளம் காணப்பட்டே சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் யாருக்குக் கொடுத்து, யாரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்த மாணவருக்கு, தளத்தின் முகவரி எதில் முடிகிறது என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

கோமிய விவாதம் சூடுபிடித்த அதே 2025 ஜனவரியில் பெசன்ட் நகர் முதல் கோவளம் வரை நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து கரை ஒதுங்கின. அதைப் பற்றி நம்பத்தகுந்த தகவல் எங்கிருந்து வந்தது? 1988 முதல் ஆமைப் பருவம்தோறும் இரவில் இந்தக் கடற்கரையில் நடந்து, முட்டைக் குழிகளையும் இறந்த ஆமைகளையும் பதிவுசெய்துவரும் மாணவர் தன்னார்வக் குழு போன்றவர்களிடமிருந்து. பெரிய பெயரோ பளபளப்போ அவர்களுக்கு இல்லை. ஆனால் எந்தக் கரையில், எப்போது, எப்படி எண்ணினோம் என்று அவர்களால் சொல்ல முடியும். அடையாற்றுப் பிள்ளை ஒருவர் விரும்பினால் அவர்களோடு ஓர் இரவு நடந்தே சரிபார்த்துவிடலாம். கூகுளின் உச்சியில் இப்போது வந்து நிற்கும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் இப்படியொரு வாய்ப்பைத் தருமா? மாணவர்கள் இன்று அதிகம் படியெடுப்பது அதைத்தான் என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும்.

ஆகவே, செயல்திட்ட ஏட்டின் கடைசிப் பக்கத்தில் இருபது இணைப்புகளை ஒட்டித் தருவதற்கு மதிப்பெண் கொடுப்பதைப் பள்ளிகள் நிறுத்த வேண்டும். இரண்டே இரண்டு மூலங்கள் போதும். அவற்றை மாணவர் மூலக் கட்டுரை வரை பின்தொடர்ந்து போயிருக்க வேண்டும்: யார் செய்தார்கள், எதன் மீது சோதித்தார்கள், எத்தனை பேரிடம், மூலம் உண்மையில் என்ன சொல்கிறது. "இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை" என்று ஒரு பிள்ளை எழுதினால் அதற்கும் மதிப்பெண் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நாற்பது ஏடுகளை ஒரே மாலையில் திருத்தும் ஆசிரியருக்கு இது கூடுதல் வேலைதான். இணைப்புகள் குறைந்தால் கொஞ்சம் ஈடாகும்.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். பயன் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் மட்டும். பள்ளிப் பிள்ளைக்குப் பல கட்டுரைகளில் சுருக்கத்தோடு கதவு சாத்தப்படுகிறது. மூலத்தைப் படி என்று சொல்லிவிட்டு மூலத்தைப் பூட்டிவைப்பது என்ன நியாயம்? ஐஐடிக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் கூப்பிடு தூரத்தில், கோட்டூர்புரத்தில், 2010 முதல் அண்ணா நூற்றாண்டு நூலகம் இயங்குகிறது. முதலில் அந்த நூலகத்தையும், அடுத்து மாவட்ட மைய நூலகங்களையும் இந்தச் சந்தாவில் சேர்க்கும்படி தமிழக அரசு மத்தியக் கல்வி அமைச்சகத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். அடுத்த கல்வியாண்டின் அறிவியல் கண்காட்சிகள் தொடங்குவதற்குள் அந்தக் கடிதம் போய்ச் சேரட்டும்.