முதலில் முகவலை, பிறகு தேன்

“சார், கூட்டுக்குக் கீழே நெருப்பு வெச்சா தேனீ கொட்டாது. நான் கேம்ல எத்தனையோ தடவை தேன் எடுத்திருக்கேன்.”

பண்டார் பாரு வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவன் என்னிடம் சொன்னது இது. நானும் சிரித்துக்கொண்டே பாடத்துக்குப் போய்விட்டேன். அடுத்த திங்கட்கிழமை ஒரு கண் வீங்கி மூடிய நிலையில் அவன் வகுப்புக்கு வந்தான். தோட்டத்து ஓரத்தில் பழைய பால்மரக் கிளையில் தொங்கிய தேன்கூட்டின் கீழே, காய்ந்த செம்பனை மட்டைகளைக் குவித்து மூன்று பையன்களாகக் கொளுத்தியிருக்கிறார்கள். அவனுக்கு ஆறு கொட்டு. நல்ல வேளை, அதோடு போயிற்று.

“எல்லாம் அந்த விளையாட்டால் வந்தது” என்று வீட்டில் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விளையாட்டு அவனுக்குப் பாதி உண்மையைச் சொல்லிக் கொடுத்தது. மீதியைச் சொல்ல வேண்டிய நான் சிரித்துவிட்டேன்.

மைன்கிராஃப்ட் விளையாட்டில் 2019 டிசம்பரில் தேனீக்கள் சேர்க்கப்பட்டன. கூட்டின் கீழே விறகுத் தீ மூட்டிவிட்டு, கத்தரியால் வெட்டினால் மூன்று தேனடை கிடைக்கும். போத்தலைக் காட்டினால் தேன் நிரம்பும். தீ மூட்டாமல் கை வைத்தால் தேனீக்கள் சினந்து துரத்தும். கொட்டிய தேனீ சற்று நேரத்தில் செத்துவிடும். இதில் பல செய்திகள் மெய்யானவை. முதலில் புகை, பிறகுதான் கை என்ற வரிசையும் சரியானதே.

விளையாட்டு விட்டுவிட்டது இரண்டு.

முதலாவது, நெருப்பு வேறு, புகை வேறு. ஒரு தேனீ கொட்டும்போது, பழுத்த வாழைப்பழம் போன்ற ஒரு வாசனை வெளியாகும். மற்ற தேனீக்களுக்கு அதுதான் “தாக்கு” என்ற அழைப்பு. புகை அந்த வாசனையை மறைக்கிறது. அதோடு, புகையை உணர்ந்த தேனீக்கள் கூட்டுக்குள் ஓடி வயிறு நிறையத் தேன் குடிக்கும். அப்போது கொட்டும் வேகம் தணிகிறது. இதற்காகத் தேனீ வளர்ப்பவர்கள் துருத்தி பொருத்திய தகர டப்பா ஒன்றை வைத்திருப்பார்கள். அதற்குள் காய்ந்த இலை, தேங்காய் நார் போன்றவை கனன்றுகொண்டிருக்கும். சூடில்லாத புகை மட்டும் வெளியே வரும். சுவாலை எழுந்தால் தேனீக்கள் கருகும், தப்பியவை வெறிகொண்டு பாயும். நம் பையன்கள் பார்த்தது அதைத்தான்.

இரண்டாவது, பாதுகாப்பு உடை. விளையாட்டில் முகவலை அணியாமலே தேன் எடுக்கலாம், அடிபட்டாலும் சாப்பிட்டால் உயிர் ஏறிவிடும். மெய்யான தேன்கூட்டை நெருங்குபவருக்கு வலை கட்டிய தொப்பி, வெளிர் நிற முழுக்கை உடை, கையுறை, காற்சட்டை நுனியை உள்ளே செருகிய காலணி எல்லாம் வேண்டும். கருநிற உடையைக் கண்டால் தேனீக்களுக்குச் சினம் அதிகம். கண்ணும் வாயும் தொண்டையும் வீங்கினால் ஆபத்து என்பதால், மற்றவை இல்லாவிட்டாலும் முகவலை கட்டாயம்.

“பெடு ஏரிப் பக்கம் தேன் எடுப்பவர்கள் இதெல்லாம் போடுகிறார்களா?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. நம் கெடாவின் வடக்கே, 80 மீட்டர் வரை வளரக்கூடிய துவாலாங் மரங்களில் ஏறி அவர்கள் தேன் எடுக்கிறார்கள். நிலவில்லாத இரவில்தான் ஏறுவார்கள். கொளுத்திய பந்தத்தைக் கிளையில் தட்டினால் தீப்பொறிகள் மழையாக இறங்கும். தேனீக்களும் அவற்றைத் துரத்திக் கீழே போய்விடும். தேனடையை அறுக்க உலோகக் கருவி கூடாது என்பது அவர்கள் மரபு. ஹித்தாம் மானிஸ் என்ற பணிப்பெண் உலோக ஈட்டியால் குத்தப்பட்டுத் தேனீயாக மாறினாள் என்ற கதை அதற்குக் காரணம். அவள் இந்தியப் பெண் என்றும் அந்தக் கதை சொல்கிறது. இருட்டும் தீப்பொறியும் தலைமுறை அனுபவமும்தான் அவர்களுக்குக் கவசம். அவர்களும் வெறுங்கையோடு போகவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. நம் தமிழ்ப்பள்ளிகளின் புறப்பாட நடவடிக்கையில் ஒரு கெலுலுட் கூட்டுக்கு இடம் கொடுங்கள். ஊரில் கொசுத்தேனீ என்பார்களே, அந்த இனம். இதற்குக் கொடுக்கு வேலை செய்யாது. சினந்தால் கடிக்கும், முடிக்குள் புகும், அவ்வளவுதான். வலைத் தொப்பி போதும். மரக்கட்டையின் மேல் பொருத்திய பெட்டியைத் திறந்து, சிறு குழாயால் புளிப்புத் தேனை உறிஞ்சி எடுக்கலாம். மார்டி இதில் ஆராய்ச்சி செய்துவருகிறது. 2017-இல் கெலுலுட் தேனுக்கென்றே மலேசியத் தரநிலையும் வந்துவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் மனம் வைத்தால் முடியாத காரியம் அல்ல.

அதுவரை, மாணவர்களே, கூட்டைக் கண்டால் கல்லும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். பெரியவர்களிடம் சொல்லுங்கள். துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவை அடையுங்கள். கொடுக்கு தோலில் இருந்தால் உடனே சுரண்டி எடுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள். குளவியாக இருந்தால் இன்னும் தள்ளியே இருங்கள். அது கொட்டிய பிறகும் சாகாது, மீண்டும் மீண்டும் கொட்டும்.

அந்தப் பையனுக்குக் கைப்பேசி திரும்பக் கிடைத்துவிட்டது. போன வாரம் வந்து, “சார், முகவலை நாமே தைக்க முடியுமா?” என்று கேட்டான். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. கொசுவலைத் துணியும் பழைய தொப்பியும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.